ஆஸ்கர் முடிவுகள் வந்ததும் கோபத்தோடு கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஞாயிறு மாலை விழா நடக்கும்போது நமக்குத் திங்கள் அதிகாலை. காலையிலேயே வெற்றியாளர் பட்டியல் கைபேசிக்கு வந்துவிடும். பல் துலக்கி முடிப்பதற்குள் சண்டையும் தொடங்கிவிடும். சண்டை போடுவதில் தப்பே இல்லை. பிடித்த படம் தோற்றால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபம் பெரும்பாலும் தவறான ஆள்மீது போய் விழுகிறது. வருஷா வருஷம் வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தருகிறேன்.

இந்தப் படத்துக்குப் போய் விருது கொடுத்திருக்கிறார்களே, யார் அந்த நடுவர்கள்?

நடுவர் குழு என்று ஒன்று கிடையாது. கான் திரைப்பட விழாவில் சுமார் ஒன்பது பேர் ஒரு அறையில் உட்கார்ந்து, வாதாடி, ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆஸ்கரில் அப்படியில்லை. ஆஸ்கர் விருதை வழங்கும் அகாடமியின் வாக்குரிமை பெற்ற உறுப்பினர்கள் சுமார் 10,000 பேர். நடிகர்கள், ஒளிப்பதிவாளர்கள், படத்தொகுப்பாளர்கள், இசையமைப்பாளர்கள் என்று தனித்தனிப் பிரிவுகளாக இருக்கிறார்கள். பரிந்துரைக் கட்டத்தில் பெரும்பாலும் அந்தந்தத் துறைக்காரர்களே வாக்களிக்கிறார்கள். நடிகர்களை நடிகர்களும் படத்தொகுப்பை படத்தொகுப்பாளர்களும் பரிந்துரைப்பார்கள். இறுதிச் சுற்றில் எல்லோருக்கும் எல்லாப் பிரிவிலும் வாக்கு உண்டு.

நம் ஏ.ஆர். ரஹ்மான் உறுப்பினர். நடிகர் சூர்யாவுக்கு 2022இல் அழைப்பு வந்தது. ஆகவே "அவர்கள் திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்" என்று சொல்லும்போது, ஒருவரையொருவர் பார்த்தேயிராத ஆயிரக்கணக்கான பேரைப் பற்றித்தான் பேசுகிறோம். கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை என்பதால் இந்த முடிவுக்குக் காரணம் சொல்லவும் ஆள் கிடையாது. "ஏன் அந்தப் படம்?" என்ற கேள்விக்கு அதிகாரபூர்வமான விளக்கம் எப்போதும் வராமலிருப்பது இதனால்தான்.

சிறந்த படத்துக்கு மட்டும் வாக்கு எண்ணும் முறை வேறாமே?

ஆமாம். பாதிச் சண்டைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மற்ற பிரிவுகளில் கணக்கு எளிது. அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிப்பார். சிறந்த படத்துக்கு மட்டும் உறுப்பினர்கள் பத்துப் படங்களையும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தித் தர வேண்டும். முதலில் எல்லோருடைய முதல் விருப்பத்தையும் எண்ணுகிறார்கள். எந்தப் படமும் பாதிக்கு மேல் வாங்கவில்லை என்றால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கிவிட்டு, அதற்கு முதலிடம் கொடுத்தவர்களின் சீட்டுகளை அவர்களுடைய அடுத்த விருப்பத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நூறு பேர் வாக்களிக்கிறார்கள், மூன்று படங்கள். முதல் விருப்பமாக ஒரு படத்துக்கு 40, இரண்டாவதுக்கு 35, மூன்றாவதுக்கு 25. மூன்றாவது படம் வெளியேறுகிறது. அந்த 25 பேரில் 20 பேர் அடுத்த இடத்தில் 35 வாங்கிய படத்தைப் போட்டிருக்கிறார்கள், 5 பேர் 40 வாங்கிய படத்தை. இப்போது 55க்கு 45. முதலில் முன்னணியில் நின்ற படம் தோற்றுப்போகிறது.

சிலர் தலையில் வைத்துக் கொண்டாடி, வேறு சிலர் முகம் சுளித்த படம் இந்த முறையில் அடிவாங்கும். யாருக்கும் பெரிய எதிர்ப்பில்லாத, பலருக்கு இரண்டாவது மூன்றாவது இடத்தில் பிடித்த படம் மேலே வரும். 2009இல் அகாடமி இந்த முறைக்கு மாறி, 2010 விழாவிலிருந்து நடைமுறைப்படுத்தியது. "சுமாரான படம் எப்படி ஜெயித்தது?" என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். உங்கள் உயிரான படத்துக்கு முதலிட வாக்குகள் ஏராளமாகவே விழுந்திருக்கலாம். அதை அடியில் தள்ளியவர்களும் அதே அளவுக்கு இருந்திருப்பார்கள்.

சிறந்த இயக்குநர் ஒருவர், சிறந்த படம் வேறொருவருடையது. இது என்ன நியாயம்?

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான். இயக்குநருக்கு நேரடி எண்ணிக்கை, படத்துக்கு விருப்ப வரிசை. 2014இல் 'கிராவிட்டி'க்காக அல்ஃபோன்ஸோ குவாரோன் இயக்குநர் விருது வாங்கினார், படத்துக்கான விருது '12 இயர்ஸ் எ ஸ்லேவ்'க்குப் போனது. 2016, 2017, 2019, 2022 ஆண்டுகளிலும் இப்படிப் பிரிந்தது. எண்ணும் முறை மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. முன்பும் அவ்வப்போது நடந்ததுதான். ஆனாலும் இவ்வளவு அடிக்கடி நடப்பதில் அதற்குப் பெரிய பங்கிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

வாக்களிப்பவர்கள் எல்லாப் படத்தையும் பார்க்கிறார்களா?

நீண்ட காலம் பெரும்பாலான பிரிவுகளில் இதற்குக் கட்டாயம் இருக்கவில்லை. பார்க்காமலே வாக்களித்ததாக உறுப்பினர்கள் சிலர் பெயர் சொல்லாமல் பத்திரிகைகளிடம் ஒப்புக்கொண்டதுண்டு. என்னை மிகவும் உறுத்திய விஷயம் இதுதான். தோல்வியைத் தாங்கிக்கொள்ளலாம், பார்க்கக்கூட இல்லை என்பதை எப்படித் தாங்குவது? 2025 ஏப்ரலில் அகாடமி விதியை மாற்றியது. ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்திருந்தால்தான் அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்க முடியும். இவ்வளவு தாமதமாக வந்தாலும் நல்ல விதி.

பணம் செலவழித்தால் விருது கிடைத்துவிடுமா?

பணத்தால் வாக்கை வாங்க முடியாது. கவனத்தை வாங்க முடியும். 1999இல் 'சேவிங் பிரைவேட் ரயன்'தான் ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஸ்பீல்பெர்க் சிறந்த இயக்குநர் விருதும் வாங்கிவிட்டார். கடைசியில் ஹாரிசன் ஃபோர்டு உறையைப் பிரித்து 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' என்று வாசித்தார். அந்தப் படத்துக்காக மிராமேக்ஸ் நிறுவனம் நடத்திய பிரசாரம் இன்றைக்கும் பேசப்படுகிறது. பக்கம் பக்கமாக விளம்பரம், விருந்து, உறுப்பினர்களை விடாமல் துரத்துவது என்று ஹாலிவுட்டின் விருதுக்கால வழக்கத்தையே அது மாற்றிவிட்டது.

பத்தாயிரம் பேர் எதைப் பார்க்கப்போகிறார்கள் என்பதைப் பிரசாரம் பாதி தீர்மானித்துவிடுகிறது. பணமில்லாத சின்னப் படம் அங்கேயே தோற்றுவிடுகிறது. கோபப்பட வேண்டியது இதற்கு.

வரலாற்றிலேயே அதிகம் திட்டு வாங்கிய வெற்றி எது?

ஆளுக்கொரு பட்டியல் இருக்கும். பழைய தலைமுறை 1942ஐச் சொல்லும்: 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' ஜெயித்து 'சிட்டிசன் கேன்' தோற்றது. வேறு சிலர் 1977ஐச் சொல்வார்கள். 'டாக்ஸி டிரைவர்', 'நெட்வொர்க்' இரண்டையும் 'ராக்கி' முந்தியது.

என் மனதில் நிற்பது 2006தான். 'புரோக்பேக் மவுண்டன்' படத்துக்காக ஆங் லீ இயக்குநர் விருதை வாங்கியிருந்தார். படத்துக்கான விருது 'கிராஷ்' என்றதும் அறிவித்த ஜாக் நிக்கல்சனே வியந்துபோனது நேரடி ஒளிபரப்பில் தெரிந்தது. இரண்டு ஆண்களின் காதலைச் சொன்ன படத்தைப் பார்க்கவே தயங்கிய உறுப்பினர்கள் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. பல ஆண்டுகள் கழித்து 2015இல் 'கிராஷ்' இயக்குநர் பால் ஹாகிஸே, தன் படம் அந்த ஆண்டின் மிகச் சிறந்த படம் என்று தான் நினைக்கவில்லை எனப் பேட்டியில் சொன்னார். ஜெயித்தவர் வாயாலேயே இப்படி வருவது அபூர்வம். அவர்மீது எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

2019இல் 'கிரீன் புக்' அறிவிக்கப்பட்டபோது இயக்குநர் ஸ்பைக் லீ கோபத்தோடு எழுந்து அரங்கின் பின்பக்கம் நடக்க ஆரம்பித்ததையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதே இரவில் அவருக்குத் திரைக்கதை விருது கிடைத்திருந்தது.

நல்ல நடிகர்தான், நல்ல இயக்குநர்தான். ஆனால் இந்தப் படத்துக்கா கொடுப்பது?

மார்ட்டின் ஸ்கோர்செஸிக்கு இயக்குநர் விருது 2007இல்தான் 'தி டிபார்ட்டட்' மூலம் வந்தது. 'ரேஜிங் புல்' 1981இலும் 'குட்ஃபெல்லாஸ்' 1991இலும் தோற்றிருந்தன. ஹிட்ச்காக் ஐந்து முறை இயக்குநருக்கான பரிந்துரையில் இருந்தார், ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. 1968இல் ஒரு கௌரவ விருது கொடுத்து முடித்துக்கொண்டார்கள். பழைய கடனை அடைக்க இன்றைக்கு ஒரு விருது கொடுத்தால், இன்றைக்குத் தகுதியானவருக்குப் புதிதாக ஒரு கடன் ஏறுகிறது. இந்தச் சங்கிலி எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கோர்செஸி அந்தச் சிலையோடு நின்றதைப் பார்த்து மகிழ்ந்தேன் என்பதும் உண்மை.

தவறான பெயரை வாசித்துவிட்டு, வெளியே தெரியாமல் அமுக்கிவிடுவார்களாமே?

இல்லை. 1993இல் மரிசா டோமெய் துணை நடிகைக்கான விருதை வாங்கியபோது, ஜாக் பாலன்ஸ் தப்பான பெயரை வாசித்துவிட்டார் என்று ஒரு வதந்தி கிளம்பியது. எந்த ஆதாரமும் இல்லாத கதை. ஆனால் அந்தப் பெண்ணை அது ஆண்டுக்கணக்கில் துரத்தியது. வாக்குகளை எண்ணும் நிறுவனத்தின் ஆட்கள் இரண்டு பேர் முடிவுகளை மனப்பாடமாக வைத்துக்கொண்டு மேடையின் இரு பக்கமும் நிற்பார்கள். தவறு நடந்தால் மேடைக்கு வந்து திருத்துவார்கள் என்று அப்போதே சொல்லப்பட்டது. யாரும் நம்பவில்லை.

2017இல் அது கண்ணெதிரே நடந்தது. சிறந்த நடிகைக்கான உறையின் இரண்டாவது பிரதி வாரன் பீட்டியின் கைக்குப் போய்விட்டது. உள்ளே எம்மா ஸ்டோன் பெயரும் 'லா லா லேண்ட்' பெயரும் இருந்தன. அவர் குழம்பி, உடன் நின்ற ஃபே டனவேயிடம் காட்ட, அவர் படத்தின் பெயரை வாசித்துவிட்டார். தயாரிப்பாளர்கள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேடையில் பரபரப்பு. அவர்களில் ஒருவரான ஜோர்டன் ஹாரோவிட்ஸ் ஒலிவாங்கிக்கு வந்து, ஜெயித்தது 'மூன்லைட்' என்று சொல்லி, சரியான அட்டையை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். கையில் வாங்கிய விருதை அடுத்தவருக்குக் கொடுத்த அந்த மனிதர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஆஸ்கர் மேடையில் நான் பார்த்த மிகக் கண்ணியமான செயல் அதுதான்.

கொடுத்த விருதைத் திரும்ப வாங்கியதுண்டா?

உண்டு. 1969இல் 'யங் அமெரிக்கன்ஸ்' என்ற ஆவணப்படம் ஜெயித்தது. அது 1967இலேயே திரையிடப்பட்டிருந்தது பிறகு தெரியவந்ததும், விருதைத் திரும்பப் பெற்று 'ஜர்னி இன்டு செல்ஃப்' படத்துக்குக் கொடுத்தார்கள். தகுதி விதியை மீறியதற்காக நடந்தது அது. ரசிகர்கள் திட்டினார்கள் என்பதற்காக எந்த விருதும் திரும்பியதில்லை.

விருதே வேண்டாம் என்று சொன்னவர்கள்?

1971இல் நடிகர் ஜார்ஜ் சி. ஸ்காட் மறுத்தார். 1973இல் மார்லன் பிராண்டோ தனக்குப் பதிலாக செயற்பாட்டாளர் சஷீன் லிட்டில்ஃபெதரை அனுப்பினார். அமெரிக்கப் பூர்வகுடிகளைச் சினிமா சித்தரிக்கும் விதத்தைக் கண்டித்து அவர் மேடையில் பேசினார். அரங்கில் சிலர் கூச்சலிட்டார்கள். அகாடமி அவரிடம் மன்னிப்புக் கேட்க 2022 ஆனது. சில வாரங்களில் அவர் இறந்துவிட்டார். ஒரு எதிர்வினை சரியானது என்று ஒப்புக்கொள்ள ஏறக்குறைய ஐம்பது வருஷம்.

நம் ஆட்கள் ஜெயிக்கும்போதும் ஏன் சண்டை?

2009இல் இரண்டு விருதுகள் வாங்கிய ரஹ்மான் மேடையில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னபோது உடம்பு சிலிர்க்காத தமிழர் குறைவு. அடுத்த நாளே ஆரம்பித்தது: "இதைவிட எத்தனையோ நல்ல பாட்டு போட்டிருக்கிறார், இதற்கா?" கேள்வி சரி, ஆனால் அதற்குப் பதில் தகுதி விதியில் இருக்கிறது. பொதுப் பிரிவுகளில் போட்டியிட அந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் விதிப்படி ஓடியிருக்க வேண்டும். தொண்ணூறுகளில் அவர் இங்கே போட்ட பாடல்கள் அவர்கள் மேசைக்கே போகவில்லை. 'ஸ்லம்டாக் மில்லியனர்' போனது. அது பிரிட்டிஷ் தயாரிப்பு என்பதை மறந்து, இந்திய சினிமாவுக்கு எட்டு ஆஸ்கர் என்று கொண்டாடியவர்களும் உண்டு.

2023இல் 'ஆர்.ஆர்.ஆர்.' படத்தின் நாட்டு நாட்டு பாடல் ஜெயித்தது. அந்தப் படத்தை இந்தியா சார்பில் அனுப்பவில்லை. சர்வதேசப் படப் பிரிவுக்கு நாட்டுக்கு ஒரு படம்தான் அனுப்பலாம். அதைத் தேர்ந்தெடுப்பது இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு அமைக்கும் குழு. அந்த ஆண்டு குஜராத்திப் படமான 'செல்லோ ஷோ' போனது, தெலுங்குப் படம் தனியாகப் பொதுப் பிரிவுகளில் போட்டியிட்டது. 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கிய 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' இருக்க, 'லாபத்தா லேடீஸ்' அனுப்பப்பட்டது. பதினைந்து படங்கள் கொண்ட முதல்கட்டப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. நம் 'விசாரணை'யும் 'கூழாங்கல்'லும் இந்தக் குழு வழியாகத்தான் போயின. ஆகவே "ஆஸ்கர்காரர்கள் நம்மை மதிப்பதில்லை" என்று பேசுவதற்கு முன்னால், இங்கே எந்தப் படம், யாரால், எப்படித் தேர்வாகிறது என்று கேட்பது பலன் தரும். தேர்வான பிறகு அமெரிக்காவில் படத்தை உறுப்பினர்களின் கண்ணில் படவைக்க யார் செலவு செய்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அதே 2023 இரவில் இன்னொன்றும் நடந்தது. முதுமலை பொம்மன், பெள்ளி தம்பதியையும் அவர்கள் வளர்த்த யானைக்குட்டிகளையும் பற்றிய 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' குறு ஆவணப்பட விருதை வென்றது. இயக்குநர் கார்த்திகி கொன்சால்வ்ஸ் பேசி முடித்ததும் தயாரிப்பாளர் குனீத் மோங்கா வாய் திறப்பதற்குள் இசையைப் போட்டு விட்டார்கள். 45 நொடிதான் கணக்காம். 2025இல் ஏட்ரியன் புரோடி இசையை நிறுத்தச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்துக்கும் மேல் பேசினார். குறும்படக்காரருக்கு ஒரு கடிகாரம், நட்சத்திரத்துக்கு இன்னொரு கடிகாரம் என்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

பிடித்தவர் தோற்றால் ஜெயித்தவரைத் திட்டுவது இயல்புதானே?

இயல்புதான். நியாயம் இல்லை. 2021இல் சிறந்த நடிகர் விருதை வழக்கத்துக்கு மாறாகக் கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள். மறைந்த சாட்விக் போஸ்மனுக்குக் கிடைக்கும் என்று உலகமே காத்திருந்தது. ஆன்டனி ஹாப்கின்ஸ் பெயர் வந்தது. 83 வயதில் அவர் வேல்ஸில் இருந்தார், விழாவுக்கே வரவில்லை. விழா சப்பென்று முடிந்தது. முடிவை யூகித்து நிகழ்ச்சி வரிசையை மாற்றியவர்கள் செய்த பிழைக்கு, அற்புதமாக நடித்த ஒரு முதியவர் திட்டு வாங்கினார். மறுநாள் அவர் போஸ்மனுக்கு அஞ்சலி சொல்லித்தான் பேசினார்.

2025இல் டெமி மூர் ஜெயிப்பார் என்று எதிர்பார்த்தவர்கள், 'அனோரா'வில் நடித்த 25 வயது மைக்கி மேடிசன்மீது பாய்ந்தார்கள். வயதான நடிகைகளை ஹாலிவுட் ஒதுக்குகிறது என்பது முழுக்க உண்மை. அந்த உண்மைக்கு அந்த இளம்பெண் எப்படிப் பொறுப்பாவார்? அவர் தனக்குத் தானே வாக்கு எண்ணிக்கொள்ளவில்லை.

நாம் கத்துவதால் ஏதாவது மாறியிருக்கிறதா?

நிறைய. 1940இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் விழாவுக்கு முன்பே முடிவுகளை அச்சிட்டுவிட, அடுத்த ஆண்டிலிருந்து முத்திரையிட்ட உறை வந்தது. 'ஹூப் டிரீம்ஸ்' 1995இல் ஆவணப்படப் பரிந்துரையிலேயே விடுபட்டதற்கு எழுந்த கண்டனத்தால் அந்தப் பிரிவின் தேர்வுமுறை மாறியது. 'தி டார்க் நைட்' 2009இல் சிறந்த படப் பரிந்துரையில் இல்லாத கோபத்துக்குப் பிறகுதான் ஐந்து படம் பத்தானது.

எல்லாவற்றையும்விடப் பெரியது 2015, 2016. இரண்டு ஆண்டும் நடிப்புக்கான இருபது பரிந்துரைகளிலும் வெள்ளையர்கள் மட்டுமே. ஏப்ரல் ரெயின் என்பவர் தொடங்கிய #OscarsSoWhite ஹேஷ்டேக் உலகம் சுற்றியது. உறுப்பினர்களில் சுமார் 94 சதவீதம் வெள்ளையர், 77 சதவீதம் ஆண்கள் என்று 2012இலேயே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் கணக்கெடுத்து எழுதியிருந்தது. அப்போது அசையாதவர்கள் இப்போது அசைந்தார்கள். பெண்கள், சிறுபான்மையினரின் எண்ணிக்கையை 2020க்குள் இரட்டிப்பாக்குவோம் என்று அகாடமி அறிவித்தது. வெளிநாட்டு உறுப்பினர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். 2020இல் ஆங்கிலமல்லாத மொழிப் படம் முதல்முறையாகச் சிறந்த படமானது, கொரியாவின் 'பாரசைட்'. வாக்காளர் பட்டியல் மாறாமல் அது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவற்றில் எதுவும் வெற்றியாளரை வசைபாடிச் சாதித்ததல்ல. யார் வாக்களிக்கிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்டவர்கள் சாதித்தது.

இன்னும் என்ன மாற வேண்டும்?

வாக்கு எண்ணிக்கையை வெளியிட வேண்டும். இன்றுவரை ஜெயித்தவர் பெயர் மட்டும்தான் வெளியே வருகிறது. 1932இல் ஃப்ரெட்ரிக் மார்ச், வாலஸ் பீரி இருவருக்கும் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. மார்ச்சுக்கு ஒரே ஒரு வாக்கு கூடுதல், அன்றைய விதிப்படி அது சமநிலையாகக் கொள்ளப்பட்டது என்பது நமக்குத் தெரியும். அந்த அளவு வெளிப்படைத்தன்மை இப்போது இல்லை. சுடச்சுட வெளியிட்டால் தோற்றவர்கள் மனம் நோகும் என்றால், பத்து வருஷம் கழித்தாவது வெளியிடட்டும். 2006இல் 'புரோக்பேக் மவுண்டன்' எத்தனை வாக்கில் தோற்றது என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றைக்கும் ஆசைதான்.